ஒன்பது கிலோ

இதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உள்ளே வைக்கிற பட்டியை இப்போதெல்லாம் வெளியிலிருந்தே இறுக்கலாமாம், தளர்த்தலாமாம். பிள்ளை வளர வளர மறுபடியும் நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லையாம். பத்திரிகையில் படித்தேன். படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்ல செய்தியைக் கேட்டு எரிச்சல்படுகிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டுமானால் மேலே படியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பெண்கள் பறித்து வரும் கொழுந்தை மடுவம் என்கிற கொட்டகையில் நிறுத்துப் பதிவது என் வேலை. மலையில் நிறுத்த கொழுந்து ஃபேக்டரிக்குப் போவதற்குள் வாடி எடை குறையும். குறைந்தால் துரை என்னைத்தான் ஏசுவார். அதனால் தராசின் பின்பக்கத் திருகைக் கொஞ்சம் திருகி வைத்திருந்தேன். வெறும் தராசில் முள் பூச்சியத்தில்தான் நிற்கும். ஆனால் எதை மாட்டினாலும் ஒன்றரைக் கிலோ காணாமல் போய்விடும். அதைப் பாவம் என்றே நான் நினைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தியின் கைக்குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. கொழும்பில் நெஞ்சைத் திறந்து, நுரையீரலுக்கு ரத்தம் போகும் குழாயைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டி அனுப்பினார்கள். அந்த நாடா வளராது, குழாய் மட்டும் வளரும். ஒன்பது கிலோ ஆனதும் பிள்ளையைக் கொண்டு வாருங்கள், நாடாவை எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்துவிடலாம், பிந்தினால் நாடா இறுக்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். இடையில் வந்து காட்டவும் சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்பு ரயிலில் ஏற எங்கள் சனத்துக்குக் குலை நடுங்கியது. ஒன்பது கிலோவுக்கு ஒரே ஒரு தடவை போய் வந்துவிடலாம் என்று அவள் முடிவு கட்டினாள்.

டிஸ்பென்சரியில் இருந்த குழந்தைத் தராசு உடைந்து கிடந்தது. ஆகவே ஊர் திரும்பிய மறுநாளே பிள்ளையைச் சேலைத் துணியில் கட்டி மடுவத்துக்குத் தூக்கி வந்தாள். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் ஐந்தரைக் கிலோ என்றிருந்தது. என் தராசு நாலு காட்டியது.

“ஐயோ, ஒரே நாள்ல ஒன்றரைக் கிலோ வத்திப்போச்சே!” என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சுற்றி ஐம்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். திறந்தால் செருப்படி, அப்புறம் வேலையும் இல்லை.

“ரயில் அலைச்சல், இந்தக் குளிரு வேற. நல்லா ஊட்டிவிடு புள்ள, ஏறிரும்” என்றேன்.

ஊட்டினாள். தான் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு முட்டையையும் ராகிக் கூழையும் பிள்ளைக்குக் கொடுத்தாள். மாதா மாதம் கொண்டு வந்து கொக்கியில் மாட்டுவாள். நான் பெரிய மனிதன் போல முள்ளைப் பார்த்து “ஆறே கால்”, “ஏழு” என்று சத்தமாகச் சொல்வேன். பெண்கள் கைதட்டுவார்கள். தொங்கிக்கொண்டே பிள்ளையும் சிரிக்கும். அவள் ஊட்டிய ஒவ்வொரு கவளமும் முள் காட்டியதற்கு மேலேயே அந்த நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தது என்பது எங்கள் இருவரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழரை வந்த அன்று பிள்ளை உண்மையில் ஒன்பது கிலோ. அன்றைக்கே அவளைத் தனியே கூப்பிட்டு, போய் வா என்றிருக்கலாம். ஏன் என்று கேட்பாளே என்று பயந்தேன். டாக்டர்மார் கொஞ்சம் முன்பின்னாகத்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதயமும் கொழுந்தும் எனக்கு ஒரே கணக்காகத் தெரிந்திருக்கிறது, மடையன்.

அடுத்த சில மாதங்களில் பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. எங்கள் மலையில் விடியற்காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நிற்கிற எல்லோருக்கும்தான் உதடு நீலமாக இருக்கும். குளிர் என்று லயத்து வீடுகளில் சொன்னார்கள். நாலு எட்டு வைத்ததும் பிள்ளை குந்திக்கொண்டபோது செல்லம் என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் தராசில் ஒன்பது காட்டிய மறுநாள் அவள் கொழும்புக்குக் கிளம்பினாள். அவளுக்கும் புருஷனுக்கும் சிங்களம் வராது. நன்றாகப் பேசத் தெரிந்தவன் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். கடைசியில் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவளோடு நான் மட்டும் போனேன்.

டாக்டர் பிள்ளையை நிறுத்தார். பத்தரை. நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். படம் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில் சொன்னார். நாடா இறுக்கி இதயம் தடித்துப்போய்விட்டது, இனிக் கத்தி வைத்தால் பிள்ளை தாங்காது, ஒன்பதுக்கே வரச் சொன்னோமே, எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

“என்னங்கய்யா சொல்றாங்க?” என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“நீ நேரத்தோட கொண்டாரலையாம். பிந்திப்போச்சுங்கிறாரு” என்றேன்.

“ஒம்போது வந்ததும் ஓடியாந்துட்டேனேங்கய்யா. நீங்கதானே முள்ளப் பாத்துச் சொன்னீங்க!”

அவள் என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டார். எடை பார்க்க மறந்துவிட்டாளாம் என்று சிங்களத்தில் சொன்னேன். நாக்கு கூசவில்லை. டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு வெறுப்பு இருந்தது. அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பிள்ளை அங்கேயே ஐந்தாம் நாள் செத்தது. பெட்டியை ரயிலில் ஏற்ற விடவில்லை. கொழும்பிலேயே புதைத்துவிட்டு இருவரும் திரும்பினோம். எதிர் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் அவள் உதட்டு நீலத்தைக் குளிர் என்று நம்பிய தன் கண்ணைத் திட்டினாள், புத்தியைத் திட்டினாள், தான் ஒழுங்காக ஊட்டியிருந்தால் சீக்கிரமே ஒன்பது வந்திருக்கும் என்றாள். தலவாக்கலை நெருங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“என்னால ஒங்களுக்கும் வீண் அலைச்சல். மன்னிச்சுக்கங்கய்யா.”

“பரவாயில்ல புள்ள” என்றேன்.