அண்ணாவின் வயசுபோன முகம்

மெல்பேர்னுக்கு வெளியில, கிரான்பர்னில் எங்கட பக்கத்து வீட்டு மனுசன் ஸ்பெயின்காரர். சீவியம் முழுக்கக் காமிக்ஸ் கீறினவர். சொந்த ஊரில் இருந்துகொண்டே வெளிநாட்டுக் கொம்பனிகளுக்குச் சண்டைக்கதை கீறிக் குடுத்திருக்கிறார். புத்தகத்தில் அவற்ர பேர் போடமாட்டினமாம். கதாநாயகனுக்கு வயசு போகவும் கூடாதாம். கீறினவருக்குத் தலை நரைச்சு, வேலையும் போய், கடைசியில் மகளோட மெல்பேர்ன் வந்து சேர்ந்தார். "நான் கீறின ஒருத்தனும் கிழவனாகேல்லை" எண்டு இங்கிலிசில் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கிறேல்லை.

எங்கட வீட்டிலயும் ஒருத்தன் கிழவனாகேல்லை. முப்பது வருசத்துக்கு முந்தி ஊர்ச் சண்டையில் காணாமல்போன என்ர அண்ணா. சுவரில் அரும்புமீசையோட நிக்கிறான். அந்தப் படத்துக்கு மாலை போட அம்மா விடமாட்டா. ஸ்பிரிங்வேலுக்கு மரக்கறி வாங்கப் போனால், எதிர்ல வாற இளந்தாரியளின்ர முகத்தை உத்து உத்துப் பார்ப்பா. ஒருநாள் எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது.

"ஐயோ அம்மா, அவனுக்கு இப்ப தலை நரைச்சிருக்குமெல்லே!"

அம்மா நடுறோட்டில நிண்டிட்டா. "அப்ப நான் அவனை எப்பிடியடி அடையாளம் பிடிக்கிறது?"

அதுக்குத்தான் பக்கத்து வீட்டு மனுசனிட்டப் போனன். அண்ணாவின்ர இப்பத்தைய முகத்தைக் கீறித் தரச் சொல்லிக் கேட்டன். குடும்பத்தில் வயசுபோன ஆம்பிளையின்ர படம் வேணும் எண்டார். செத்துப்போன அப்பாவின்ர படத்தைக் குடுத்தன். கிழமைக்கணக்கா இருந்து கீறினார். முடிச்சுக் கொண்டுவந்த அண்டைக்கு மனுசனுக்குக் கால் நிலத்தில படேல்லை. கீழே தன்ர பேரைப் பெரிசா எழுதியிருந்தார்.

நரைச்ச தலை, ஏறின நெத்தி, கண்ணுக்குக் கீழ சுருக்கம். அச்சொட்டா அண்ணாதான். இனி எந்தச் சனத்துக்குள்ளயும் அவனைக் கண்டுபிடிக்கலாம் எண்டு நானே ஒரு கணம் நம்பிப்போட்டன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா. நரைச்ச மயிரை விரலால தடவினா. பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, தனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில், "வெரி குட், தாங்க்யூ" எண்டா.

என்ர பக்கம் திரும்பினா.

"இவ்வளவு வயசுக்கு என்ர பிள்ளை வரேல்லையடி. அவன் அங்கயே முடிஞ்சிட்டான்."

இத்தனை வருசத்தில அம்மா அப்பிடிச் சொன்னதே இல்லை. அந்த மனுசனுக்குத் தமிழ் விளங்காது. சந்தோசமாத் தலையாட்டிக்கொண்டு நிண்டார்.