சுகிர்தா எழுதிய ஒற்றை வரி

சுகிர்தா வாய்விட்டுச் சிரிப்பதில்லை. முன்பற்களில் பழுப்புக் கோடுகள். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். உத்திரமேரூரைத் தாண்டி அவள் பிறந்த காலனியில் பாதிப் பேருக்குப் பல் அப்படித்தான். அப்பா அருள்தாஸும் அம்மா செல்லாயியும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவளைக் காஞ்சிபுரத்தில் புள்ளியியல் படிக்கவைத்தார்கள். உத்திரமேரூரிலேயே, கிராமங்களின் குடிநீரைச் சோதிக்க அனுப்பி அறிக்கை தரும் சிறு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது.

அங்கே கணக்கெல்லாம் ஆர் என்ற கணினி மொழியில் நடந்தது. பழைய நிரல் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணறாக எடுத்து, பல்லைப் பழுப்பாக்கும் ஃப்ளோரைடின் அளவைத் திருத்திவிட்டு அடுத்ததற்குப் போகும்; இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதை லூப் என்பார்கள். நீரைச் சோதித்துத் தந்தவை வெளியிலுள்ள மூன்று ஆய்வகங்கள். மூன்றின் கருவிகளும் கூடக்குறையக் காட்டும் என்பதால் ஒவ்வொன்றின் அளவையும் பெருக்கிச் சரிசெய்ய ஒரு திருத்த எண்.

"இன்னாத்துக்கும்மா இந்த லூப்பு? மொத்தத்தையும் ஒரே அடியா பெருக்கிடு" என்றார் மேலாளர் ஜானகிராமன்.

அளவுகள் எல்லாம் ஒரு நீண்ட வரிசை, திருத்த எண்கள் மூன்றும் ஒரு குட்டை வரிசை. இரண்டையும் பெருக்க ஒற்றை வரி எழுதினாள். கண் இமைப்பதற்குள் விடை வந்தது. அறிக்கை அன்றே மாவட்ட அலுவலகத்துக்குப் போயிற்று.

மறுநாள் தன் காலனியைத் தேடிப் பார்த்தாள். 'குடிக்க உகந்தது' என்றிருந்தது. அவளால் நம்ப முடியவில்லை. பழைய நிரலை ஓட்டினாள். 'உகந்ததல்ல' என்று வந்தது.

காரணம் பிடிபட மதியமாயிற்று. குட்டை வரிசை போதவில்லையென்றால் ஆர் அதையே திரும்பத் திரும்ப நீட்டிக்கொள்ளும். நீண்ட வரிசையின் நீளம் மூன்றால் மீதியில்லாமல் வகுபட்டால் ஓர் எச்சரிக்கைகூடத் தராது. மூன்று எண்களும், எந்தக் கிணறு எந்த ஆய்வகம் என்று பாராமல், வரிசையாகச் சுழன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"சார், அந்த ரிப்போர்ட் தப்பு. நான் எழுதுன வரிதான்."

"பேஜாராப் போச்சே! எத்தினி ஊரு?"

"பாதிக்கு மேல மாறுது சார்."

"பழைய லூப்பையே ஓட்டி அனுப்பிடலாமா?"

"வேணாம் சார். பேர் வெச்சா சரியாயிடும்."

திருத்த எண்களுக்கு ஆய்வகப் பெயர்களைச் சூட்டினாள். ஒவ்வொரு கிணற்றுக்கும் அதன் ஆய்வகத்தின் பெயரைக் கொண்டே எண் எடுக்கப்பட்டது. வரி இப்போதும் ஒன்றுதான். பிறகு ஒரே ஒரு கிணற்றைச் சரிபார்க்கும் சின்ன ஃபங்க்ஷன், அதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் துண்டு நிரல், எழுதி, அதைப் பட்டியல் முழுக்க ஓட்டும் இன்னொரு ஃபங்க்ஷன் கையில் கொடுத்து எல்லாக் கிணறுகள் மேலும் ஓடவிட்டாள். ஒற்றை வரியின் விடைகளும் பழைய நிரலின் விடைகளும் ஒத்துப்போயின.

திருத்திய அறிக்கையை ஜானகிராமனே எடுத்துப்போனார். போன இடத்தில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் அவளிடம் அடுத்த ஊர்களின் பட்டியலை நீட்டினார்.

அந்தத் தண்ணீரை யாரும் குடிக்காதபடி காலனி அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். சில மாதங்களில் செய்யாற்றுப் பக்கமிருந்து குழாய் வந்தது. செல்லாயி ஒரு சொம்பு பிடித்துக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடி தண்ணி இது, சப்புன்னு கீது."

"பயகிடும்மா."

"எங்க பயகறது! அந்தத் தண்ணில கொயம்பு வெச்சா இன்னா ருசி தெரிமா?"

சுகிர்தா அடுத்த குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.