இடக்கை ஊன்றிய இடம்

பிறை சூடிய பெருமானே, பிழை செய்த கையையும் விடாது பற்றியவனே, உன் திருவடிக்கு முதல் வணக்கம்.

சென்ற கார்த்திகை மாதத்து இரண்டாம் சோமவாரம். பிரதோஷமும் கூடிய நன்னாள். அந்நாளில் என் மகளின் உயிரை என் கையாலேயே மாய்க்க இருந்தேன். அடியார் பெருமக்களே, இதை மறைத்துவிட்டு அவன் அருளை மட்டும் எழுதினால் அது தற்பெருமையாகிவிடும்.

மகள் வள்ளியம்மை விமானி. ஒரு தொழில் நிறுவனத்தின் நான்கு இருக்கைச் சிறு விமானத்தை ஓட்டுகிறாள். கண்புரை அறுவைக்குப் பின் கோயம்புத்தூரில் கண்ணைக் காட்டிவிட்டு, கல்லலில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்ப இருந்தேன். அவள் விமானத்தை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மாலைப் பூசைக்குள் ஊர் சேரலாம் என்று, நிறுவனத்தாரின் அனுமதி பெற்று என்னையும் ஏற்றிக்கொண்டாள். அவளுக்கு வலப்புறம் அமர்ந்தேன்.

புறப்படுமுன் எனக்குப் புரியும்படி சொன்னாள். "மதுரையில மேகம் தாழ இருக்கு அப்பச்சி. வெளிய ஒண்ணும் தெரியாது. இந்த முள்ளுகளைப் பாத்தேதான் இறங்கணும். வேகம் தொண்ணூறுலயே நிக்கணும்."

"இது என்ன பிடி, ஆத்தா?" முன்பலகையில் என் பக்கமாக இருந்த ஒரு பிடியைக் காட்டிக் கேட்டேன்.

"அது ஃபிளாப். இறக்கைக்குப் பின்னால இருக்க தகட்டை இறக்கும். மேகத்துக்குள்ள முதல் படியோட சரி. ஓடுபாதை கண்ணுல பட்ட பெறகுதான் மிச்சம். முன்னாடியே இறக்கினா மூக்கு தூக்கிக்கும், வேகம் விழுந்துரும். நீங்க அதைத் தொடாதீக. பதிகம் பாடிக்கிட்டு வாங்க."

மதுரையை நெருங்கியதும் மேகத்துள் புகுந்தோம். கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறம் தவிர வேறொன்றும் இல்லை. விமானம் குலுங்கியது. வள்ளியின் நெற்றியைப் பார்த்தேன். வெறும் நெற்றி. விடியலில் புறப்பட்ட அவசரத்தில் திருநீறு பூச மறந்திருந்தாள். சோமவாரத்தில், இத்தகைய வேளையில், வெறும் நெற்றி! அவளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அஞ்சினேன். மடியிலிருந்த திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்தேன். அவளைக் கேட்கவில்லை. வலக்கையில் நீறெடுத்து அவள் நெற்றியை நோக்கி நீட்டினேன்.

அந்நேரம் ஒரு குலுக்கல். பிடிமானத்துக்கு இடக்கையை முன்பலகையில் ஊன்றினேன். என் பாரம் முழுவதும் அந்தப் பிடியின் மேல் விழுந்தது. அது அடிவரை இறங்கிவிட்டது. நீறு அவள் கண்களில் கொட்டியது.

"அப்பச்சி! கையை எடுங்க!"

மூக்கு மேலே எழுந்தது. இயந்திரத்தின் ஓசை மாறியது. அவள் மூக்கை அழுத்தி இறக்கினாள். இயந்திரத்தின் விசைப்பிடியை முழுவதும் தள்ளினாள். கண்களில் நீர் வழிந்தது. ஒரு கண்ணைப் பாதி திறந்து, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியை மட்டும் பார்த்தாள்.

"வேகத்தைச் சொல்லுங்க. இடது ஓரத்துல மேல இருக்க வட்டம். சீக்கிரம்!"

எனக்கு நா எழவில்லை. அறுபதாண்டுகள் ஓதிய பதிகங்களில் ஓரடிகூட நினைவுக்கு வரவில்லை. அப்போது நான் வேண்டியது இவ்வளவே: "அப்பனே, என் கையைக் கட்டு. என் நாவை அவிழ்த்துவிடு."

நா அவிழ்ந்தது.

"அறுபது, ஆத்தா. அம்பத்தஞ்சு."

"சொல்லிக்கிட்டே இருங்க. ஃபிளாப்பை ஒரேயடியா ஏத்தினா விமானம் கீழ அமுங்கிரும். ஒவ்வொரு படியாத்தான் ஏத்தணும்."

"அம்பத்தஞ்சுலயே நிக்குது. அறுபது. அறுபத்தஞ்சு."

ஒரு படி ஏற்றினாள். எழுபது என்றேன். இன்னொரு படி. எண்பது. புதிதாய் அறுவை செய்த என் கண்ணுக்கு அந்த முள் தெளிவாகத் தெரிந்தது. அந்த அறுவைக்காக அவனிடம் நான் எவ்வளவு சலித்துக்கொண்டேன்!

மேலேறினோம். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, புட்டித் தண்ணீரால் கண்களைக் கழுவினாள். என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

இரண்டாம் முறை இறங்கினோம். இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் அமர்ந்துகொண்டேன். "தொண்ணூறு... தொண்ணூறு..." அதுவே அன்றைய என் செபம். திடீரென மேகம் கீழ்ப்புறம் கிழிந்தது. விளக்குகள், ஓடுபாதை. அவள் தகட்டைப் படிப்படியாக இறக்கினாள். நான் எண்பது, எழுபது, அறுபத்தஞ்சு என்றேன். சக்கரம் தரையைத் தொட்டது.

இயந்திரம் நின்றபின் நான் குலுங்கி அழுதேன்.

"எதுக்கு அழுறீக? நெத்தியில பூச வந்து கண்ணுல பூசுறீக. ஆப்பரேஷன் உங்களுக்கா எனக்கா?" என்றவள், சிவந்த கண்களோடு தலையை என் பக்கம் சாய்த்தாள். "இப்பப் பூசி விடுங்க அப்பச்சி." பூசினேன். விரல் நடுங்கியது.

இன்றும் நீறெடுக்கையில் அந்த நடுக்கம் வருகிறது. அது தீர வேண்டும் என்று நான் வேண்டவில்லை. எனக்கு அது தேவை. முன்பெல்லாம் என் பிள்ளைகளை நானே காப்பதாக எண்ணி வழிபட்டேன். இப்போது அவள் பறக்கும் நாட்களில் கைகளை மடியில் வைத்து, அவனிடம் ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன். அவளுக்கு அந்த நிதானத்தைத் தந்தவனும் அவனே என்று அறிய எனக்கு எழுபத்திரண்டு வயதாயிற்று. நீங்களும் உங்கள் அச்சத்தை அவனிடம் கொடுங்கள். பிள்ளைகளின் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள்.

இதை வாசிக்கும் அனைவர் இல்லத்திலும், வெளியே சென்றவர் யாவரும் நலமாய்த் தரையிறங்கி, வாசலேறி வருக. சிவசிவ.