ஜன்னலில் பெரிதாகிக்கொண்டே வந்த விமானம்

பூனா பயிற்சிக்கு விமானம் ஏறியது நானும், ஒரகடம் ஃபேக்டரியில் என் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் மண்ணூர் ஏழுமலையும். அனுப்பி வைத்த சூப்பர்வைசர் வரவில்லை. இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

புறப்பட்டு மேலே ஏறும்போதே, ஜன்னலில் இன்னொரு விமானம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மச்சான், இன்னாடா இது, நேரா நம்ம மேலயே வருது!" என்றான் ஏழுமலை.

ஆபத்தென்றால் பட்டனை அடித்து லைனை நிறுத்துவது ஒரகடத்தில் எங்கள் பழக்கம். தலைக்கு மேலிருந்த பட்டனை விடாமல் அடித்தேன். அது பணிப்பெண்ணை அழைக்கும் பட்டனாம். பெல்ட் போட்டிருந்த அவராலும் எழ முடியவில்லை.

"நிக்காதுடா, இது நம்ம லைன் இல்ல" என்று ஏழுமலை அழுதான்.

எங்கள் விமானம் சட்டென்று தாழ்ந்தது. மற்றது தலைக்கு மேலே கடந்து போனது.

அன்றிலிருந்து எவ்வளவு தூரமானாலும் ரயில்தான். பூனாவிலிருந்து அப்படித் திரும்பியதற்கு, கம்பெனி எடுத்துத் தந்த திரும்பும் விமான டிக்கெட் வீணானதென்று எங்கள் இருவர் சம்பளத்திலும் சேர்த்துப் பிடித்தது ஒன்பதாயிரம் ரூபாய்.