மாலதியின் சிறுநீரகமும் என் வினையும்

அன்று காலை வேலைச் சப்பாத்துக்குள் கால் போகவில்லை. ஒஸ்லோவில் நான் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலம். பனிக்காலத்துத் தடித்த காலுறைதான் காரணம் என்று நினைத்து மெல்லியதை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் போகவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினேன். விழுந்த குழி நான் தேநீர் குடித்து முடிக்கும்வரை அப்படியே இருந்தது.

சில மாதங்களாகவே சிறுநீரில் நுரை இருந்தது. வாயில் இரும்பை நக்கியதுபோல ஒரு கசப்பு. யாருக்கும் சொல்லவில்லை. ஊரில் போர்நிறுத்தம், சமாதானம் என்று எல்லோரும் யாழ்ப்பாணம் போய்வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நானும் மனைவி மாலதியும் கோடை விடுமுறைக்கு விண்ணப்பித்திருந்தோம். அந்தப் பயணம் கெட்டுவிடக்கூடாது என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். கிரியாட்டினின் (தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு) பல மடங்கு ஏறியிருந்தது. சிறுநீரக வடிகட்டிகளில் நெடுநாள் அழற்சி. இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய நின்றுவிட்டன.

“நான் என்ன பிழை விட்டேன்?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டேன்.

“ஒன்றுமில்லை. இது சிலருக்கு வருகிறது. ஏன் என்று எங்களுக்கும் முழுதாகத் தெரியாது” என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. என்னிடம் வேறொரு பதில் ஏற்கெனவே இருந்தது. சனிக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சைவசமயம் படிப்பித்தவன் நான். செய்த வினை செய்தவனைத் தேடி வரும் என்று பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள்.

அதையே ஒரு செத்தவீட்டிலும் சொல்லியிருக்கிறேன். ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் எங்களுடைய கட்டடத்திலேயே, இரண்டு மாடி கீழே, சிவகுமாரின் குடும்பம் இருந்தது. அவர்களுடைய ஆறு வயது மகள் குருதிப் புற்றுநோயில் இறந்துபோனாள். எட்டாம் நாள் அங்கே போயிருந்து, “பிள்ளை தன்ர வினையை முடிச்சுக்கொண்டு போயிட்டுது. நாங்கள் அழக்கூடாது” என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். தாய் எழுந்து குசினிக்குள் (சமையலறைக்குள்) போனா. நான் இருந்த நேரம் முழுவதும் வெளியே வரவில்லை.

டயாலிசிஸ் (இயந்திரத்தால் குருதியைச் சுத்திகரித்தல்) தொடங்கியது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம். தண்ணீரை அளந்து குடித்தேன். மாலதி உருளைக்கிழங்கை இரண்டு தரம் அவித்து, இரண்டு தண்ணீரையும் வடித்து ஊற்றினா. கிழங்கிலுள்ள பொட்டாசியம் என்ற உப்பு கூடினால் என் இதயத்தை நிறுத்திவிடும் என்று தாதி சொல்லியிருந்தார்.

கோவிலிலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். “எல்லாம் முன்வினை, தம்பி. அனுபவிச்சுத்தான் தீர்க்கவேணும்” என்றார். என்னுடைய பாடம்தான். நான் தலையாட்டினேன். அவர் போனபிறகு, உடுப்பெல்லாம் உருவி என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தியதுபோல இருந்தது. அந்தத் தாய் ஏன் குசினிக்குள் போனா என்பது அன்றுதான் விளங்கியது. விளங்கியும் நான் கீழே இறங்கிப் போகவில்லை.

“என்ர சிறுநீரகம் ஒண்டை எடுக்கலாமோ எண்டு கேளுங்கோ” என்றா மாலதி ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே. நான் வேண்டாமென்றேன். அவவே மருத்துவரிடம் போய்க் கதைத்தா. குருதி வகை பொருந்தியது.

சத்திரசிகிச்சை முடிந்து கண்விழித்தபோது என் பாதங்கள் சூடாக இருந்தன. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சோற்றின் மணம் வந்தது. அடுத்த அறையில் மாலதி விலாவைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நடந்து பழகினா. மீண்டும் பேருந்து ஓட்டினேன். பதினான்கு மாதங்கள்.

பிறகு ஒரு சாதாரணப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. நிராகரிப்பு (மாற்று உறுப்பை உடல் அந்நியமென்று கண்டு தாக்குதல்). ஒரு மருந்துக் குளிசைகூட நான் தவறவிட்டதில்லை. மருந்துகளைக் கூட்டினார்கள், மாற்றினார்கள். ஆறு கிழமையில் அந்தச் சிறுநீரகமும் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து, “நீர் தந்ததை என்ர கன்மம் அழிச்சுப்போட்டுது” என்றேன்.

மாலதி கோபப்பட்டு நான் அதிகம் கண்டதில்லை. அன்று கை துடைத்துக்கொண்டிருந்த துவாயை மேசையில் எறிந்தா.

“என்ர சிறுநீரகத்தை உங்கட கன்மத்துக்குள்ள போடாதேங்கோ. அது நான் செய்தது. நான் யோசிச்சு, பயந்து, பிறகு தந்தது. நிண்டுபோச்செண்டதுக்காக நான் தரேல்லை எண்டு ஆகுமோ?”

பிறகு அவ அழுதா. நானும் அழுதேன்.

வினை என்றால் செயல் என்று பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். எழுதியபோதெல்லாம் எனக்கு வந்து சேர்ந்ததையும், பிறருக்கு வந்து சேர்ந்ததையுமே நினைத்திருக்கிறேன். நான் செய்தது என்று ஒன்று இரண்டு மாடி கீழே இருந்தது.

அடுத்த ஞாயிறு போனேன். சிவகுமார் கதவைத் திறந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன்:

“அண்டைக்கு நான் சொன்னது பிழை, அண்ணை. அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது.”

“எனக்குப் பரவாயில்லை” என்றார் அவர். “மனிசியை நான் கூப்பிடேல்லை. அவ உங்களோட கதைக்கமாட்டா.”

“ஓம்” என்றேன்.

உள்ளே ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. படியேறுவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினேன். மனம் லேசாகவில்லை. ஆனாலும் போயிருக்கவேண்டிய இடம் அது.

இந்த நோயோடு இருக்கும் உங்களிடமும் ‘ஏன்’ என்பதற்குப் பதிலோடு ஒருவர் வருவார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். நானும் அப்படித்தான் இருந்தேன். அவரை எழுப்பி அனுப்பத் தேவையில்லை. நீங்கள் எழுந்து குசினிக்குள் போகலாம்.

கோவிலில் படிப்பிப்பதை விட்டுவிட்டேன். பேருந்தும் இல்லை. இப்போது என் காலம் இரண்டு நாள் நீளமானது. இயந்திரத்திலிருந்து இறங்கும் நாள் களைப்பு, மறுநாள் கொஞ்சம் உயிர், அதற்கு அடுத்த நாள் திரும்பவும் ஊசி. அடுத்த கோடையைப் பற்றி யாராவது கதைத்தால், வேறொருவருடைய கோடையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நடுநாளில் மாலதியும் நானும் தொடருந்து நிலையம்வரை நடக்கிறோம். முன்பு பத்து நிமிட வழி. இப்போது எவ்வளவு நேரம் என்று பார்ப்பதில்லை.

மாலதி தந்து நின்றுபோன சிறுநீரகத்தை வெளியே எடுக்கவில்லை. தொந்தரவு தராவிட்டால் உள்ளேயே விட்டுவிடுவார்களாம். வலப்பக்க அடிவயிற்றில், தோலுக்குக் கீழே, கைக்குத் தட்டுப்படும் ஒரு மேடு. அது எதையும் செய்வதில்லை. நான் இன்னும் வலப்பக்கம் சரிந்து படுப்பதில்லை.