எட்டு மணித் தண்ணீர்

காகிதத்தில் வரைந்த கைப்பேசியைச் சிகுஜுவா கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறாள். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள். "எழுத்துத் தெரியாத என் நாத்தனாருக்கு இது என்ன சொல்லுது?" ஒவ்வொரு புதன்கிழமையும் அவளுடைய முதல் கேள்வி இதுதான். பதில் வராவிட்டால் அந்தக் காகிதத்தில் இரண்டு பணியாரம் மடித்து, வரைந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவாள்.

டாங்கா நகரத்தில் அவளுக்கு விதும்புவா வியாபாரம். தேங்காய்ப்பால் விட்டு அரைத்த அரிசிப் பணியாரம். தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கைப்பேசியில் சொல்லும் ஏற்பாட்டை, தண்ணீர் பிடிக்கிறவர்களே புதன்தோறும் கூடி, முதலில் காகிதத்தில் வரைந்து பார்த்து உருவாக்குகிறார்கள். அத்தனை பேரும் கை தூக்கினால்தான் எதுவும் ஊருக்குப் போகும். சிகுஜுவாவின் கை லேசில் எழும்பாது.

போன வாரம் சோதனைக்காக இருபது பேருக்குச் செய்தி வந்தது: 'நாளை எட்டு மணிக்குத் தண்ணீர்.' ஐந்து வாளிகளோடு சரியாக எட்டு மணிக்குப் போய் நின்றாள். குழாய் காற்றைத்தான் துப்பியது. அரிசி ஊறவில்லை, மறுநாள் அடுப்பும் எரியவில்லை.

"காலையிலேயே வந்துட்டுப் போயிடுச்சே தங்கச்சி," என்றார் இதற்குக் கணினி நிரல் எழுதும் ஃபெஸ்டோ.

"காலையில எட்டா? நீங்க எந்த ஊரு அண்ணே?"

அந்த ஊரில் மணி விடியலிலிருந்து எண்ணப்படும். விடிந்து இரண்டு மணி நேரம் போனால் மணி இரண்டு; கணினிக்கு அதுதான் காலை எட்டு. எட்டு என்றால் நல்ல மத்தியானம். ஃபெஸ்டோவும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறவர். கணினிமுன் உட்கார்ந்ததும் அதன் கடிகாரத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்.

இந்தப் புதன் ஒரு சமாதானத்தோடு வந்தார். திங்களன்று நாலாயிரம் வீட்டுக்குச் செய்தி போக வேண்டும். எட்டு என்பது கணினிக் கணக்கு என்று கீழே சின்னதாக ஒரு விளக்கம் சேர்த்துவிடலாமாம். மற்ற எல்லோரும் கை தூக்கினார்கள். சிகுஜுவா மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"விளக்கத்த யாரு படிப்பா? இன்னொரு தடவ ஏமாந்தா ஒருத்தரும் இத நம்ப மாட்டாங்க. பழையபடி குழாயடியிலயே காவல் கெடக்கணும். எனக்கு ஒடம்பு தாங்காது அண்ணே." அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"தண்ணி வர்ற நேரத்துக்குக் கடிகாரம் எட்டுன்னுதானே காட்டுது, நான் என்ன பண்ண?" என்று ஃபெஸ்டோ தன் மணிக்கட்டை நீட்டினார்.

அவள் கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி, அவர் கையிலேயே கட்டினாள். "இப்ப எட்டு எங்க நிக்குது பாருங்க."

எட்டு, முன்பு இரண்டு இருந்த இடத்தில் நின்றது. ஃபெஸ்டோ சிரித்துவிட்டார். காகிதத்தில் எட்டை அடித்து இரண்டு என்று எழுதி, பக்கத்தில் ஒரு காலைச் சூரியனையும் வரைந்தார்.

சிகுஜுவா அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடினாள். மற்றக் கை மெல்ல மேலே போனது.