ஏழு பேர் ரூமுக்கு ஒரு ஜட்ஜ்

சார்ஜா ரோலாவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லிஃப்ட் வேலை செய்யாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அந்த ரூம் இருந்தது. ஏழு பேர், ஒரு பாத்ரூம், ஒரு கிச்சன், ஒரு ஏசி. இவ்வளவும் இருக்கிற இடத்தில் ஒரு ஜட்ஜும் இல்லாமல் எப்படி? ஜட்ஜின் பெயர் சோலையப்பன். பரமக்குடிப் பக்கத்துக்காரர், ஏசி மெக்கானிக், வயது நாற்பத்தி மூன்று. சட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், பைக்கில் மூன்று பேர் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதுதான்.

அவர் ஜட்ஜ் ஆனது 2003-இல். அதுவரை ரூமில் எல்லாமே கை தூக்கித்தான் முடிவாகும். அப்படி ஒருநாள், சமைக்கத் தெரியாத வைரவன்தான் தினமும் பாத்திரம் கழுவ வேண்டும், அதுவும் காலமெல்லாம், என்று ஆறு பேர் கை தூக்கிவிட்டார்கள். வைரவன் நாற்பத்தி இரண்டு நாள் கழுவினான். நாற்பத்தி மூன்றாவது நாள் குக்கர் வெயிட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டான். அன்றைக்கு ரூமே பட்டினி. சாயங்காலம் அவன் திரும்பி வந்ததும் ஒரு புது விதி பிறந்தது. எந்த விஷயமானாலும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு. ஆனால் ஓட்டு ஒருத்தன் தலையில் மட்டும் அநியாயமாக விழுந்தால் அதைக் கலைக்க ஓர் ஆள் வேண்டும். ஓட்டு சமமாக விழுந்தாலும் அந்த ஆள் சொன்னதுதான் முடிவு. யார் அந்த ஆள்? அன்று எந்தப் பக்கமும் கத்தாமல் உட்கார்ந்திருந்தவர் சோலையப்பன் ஒருவர்தான். அவருக்குப் பல்வலி. அதனால் கத்தவில்லை. அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பல்வலி போன பிறகும் பதவி போகவில்லை. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளிமேல் பனியனோடு உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பார். டீ குடிப்பார். "கலாஸ்" என்று தொடையைத் தட்டினால் தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். ஏசியைப் பதினெட்டில் வைப்பதா இருபத்தாறில் வைப்பதா என்ற வழக்கில், இருபத்து மூன்றில் வைத்துவிட்டு ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றித் தன் டூல் பேக்கில் போட்டுக்கொண்டார். மேல்முறையீடு செய்யப் பேட்டரி இல்லாததால் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. 2007 செப்டம்பரில்தான் சிக்கல் வந்தது.

ரூமில் ஆறு பேர் இந்துக்கள். மஹ்மூது மட்டும் முஸ்லிம். தேவிபட்டினத்துக்காரர், டைல்ஸ் கடையில் லோடு ஏற்றி இறக்குகிறவர், சோலையப்பனுக்குச் சம வயது. ஒருவரை ஒருவர் "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி பிறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ரூமில் ஓட்டெடுப்பு நடக்கும். அந்த மாதம் முழுக்க கிச்சனில் கறி, மீன், முட்டை எதுவும் ஏறக் கூடாது. இது கைதூக்கும் சடங்கு மாதிரி, எதிர்ப்பே இருக்காது. போன வருஷம் நோன்பும் புரட்டாசியும் ஒன்றாக வந்தபோது மஹ்மூது லீவில் ஊரில் இருந்தார். அதனால் யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த வருஷம் நோன்பு தொடங்கி இரண்டாம் நாள் அந்த வெள்ளிக்கிழமை. மஹ்மூது ஜும்மா முடித்துத் தலையில் தொப்பியோடு உள்ளே வர, மேலூர் பாண்டித்துரை வழக்கம்போல ஆரம்பித்தான்.

"செவ்வாக்கிழமை புரட்டாசி. கிச்சன் சைவம். சரிங்கிறவங்க கையத் தூக்குங்கப்பா."

ஆறு கை எழுந்தது. அதில் ஒன்று சோலையப்பனுடையது. நாலு வருஷப் பழக்கம், கை தானாக எழுந்துவிட்டது. எழுந்த பிறகுதான் எதிரில் தூக்காத ஒரு கையைப் பார்த்தார்.

"அப்ப என் சஹர் சாப்பாடு?" என்றார் மஹ்மூது.

"பள்ளிவாசல்லதான் தினமும் பிரியாணி போடுறாங்களே பாய்" என்றான் பாண்டித்துரை.

"அது நோன்பு திறக்கிறதுக்கு. விடியுறதுக்கு முன்னால எவன் எனக்குப் பிரியாணி தூக்கிட்டு வர்றான்? நாள் பூரா டைல்ஸ் தூக்குறவன்ப்பா நான். சாயங்காலமே கறி போட்டுக் கஞ்சி காய்ச்சி வச்சாத்தான் விடிய எந்திரிச்சுக் குடிக்க முடியும்."

"கறி போடாமக் காய்ச்சுங்க."

மஹ்மூது தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "தப்பா நினைக்காதீங்க. செவ்வாக்கிழமைக்கு முன்னால நான் வேற ரூம் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சோலையப்பனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தன்னோடு ஏர்போர்ட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே லேபர் கேம்பில் மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்து, பிறகு இந்த ரூமுக்கு வந்த ஆள். மஹ்மூது போய்விட்டால் தன்னை மாப்ளே என்று கூப்பிட சார்ஜாவில் எவனும் இல்லை. கலைக்கும் அதிகாரம் கையில் இருக்கிறது. ஆனால் கலைக்க வேண்டிய ஓட்டில் தன் ஓட்டும் இருக்கிறதே!

மறுநாள் அவர் அன்பரசனிடம் போனார். அன்பரசன் புதுக்கோட்டைப் பையன். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். டைப்பிங் சென்டரில் விசா பேப்பர் அடிக்கிற வேலை. தபால் வழியில் எம்.ஏ. அரசியல் படித்துக்கொண்டிருந்தான். ரூமில் அவன் பெயரே எம்.ஏ. தான். படித்த படிப்பு எதற்கு உதவுகிறது என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்வான், மற்றவர்கள் சத்தமாகக் கேட்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் சமயம் அவன் கட்டிலில் காகிதங்களைப் பரப்பிப் போட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா எம்.ஏ., பரீட்சையா?"

"கட்டுரைண்ணே. அந்த நாட்டுல கோர்ட்டோட அதிகாரம், ஜனநாயகம், மத வாழ்க்கை. இருபது பக்கம்."

"எந்த நாடு?"

அன்பரசன் குரலைத் தாழ்த்தி, "இஸ்ரேல்" என்றான். "இன்டர்நெட் கடையில அந்த நாட்டு சைட் ஒண்ணைத் திறந்தேன். தடைன்னு பெருசா ஒரு பக்கம் வந்துருச்சு. கடைக்காரன் என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறான். பல்கலைக்கழகத்துல இருந்து வந்த புத்தகத்தை வச்சுத்தான் எழுதணும்."

"கோர்ட்டுன்னியே. அங்க என்ன வழக்கு?"

"நம்ம ரூம் வழக்குத்தாண்ணே" என்றான் அன்பரசன். சொன்ன பிறகு அவனுக்கே திகைப்பாக இருந்தது. நேற்றுத் தானும் கை தூக்கியது அப்போதுதான் சுட்டது. "அது யூதர்களுக்கான நாடு, ஆனா ஜனநாயக நாடு. ரெண்டும் சேந்து இருக்கணும். சனிக்கிழமை அவங்களுக்குப் புனித நாள், பல ஊர்ல பஸ் ஓடாது. கல்யாணம், விவாகரத்தெல்லாம் மதக் கோர்ட்டு. ஆனா மதத்துல பிடிப்பில்லாத யூதர்களும் இருக்காங்க, முஸ்லிம் கிறிஸ்தவங்களும் இருக்காங்க. ஒரே புத்தகமா எழுதின அரசியல் சட்டமும் கிடையாது. பாராளுமன்றம் போட்ட சட்டத்தையே பெரிய கோர்ட்டு செல்லாதுன்னு சொல்லலாம். ஓட்டு வாங்காத ஜட்ஜுக்கு இவ்வளவு அதிகாரம் எதுக்குன்னு ஒரு கூட்டம் கத்துது. ஜட்ஜ் இல்லேன்னா சின்னக் கூட்டம் எங்க போகும்னு இன்னொரு கூட்டம்."

"அங்கயும் வாளியா?"

"நாற்காலிதாண்ணே."

சோலையப்பன் யோசித்தார். "கறி வழக்கு எதுவும் வந்துச்சா?"

அன்பரசன் பக்கங்களைப் புரட்டினான். "வந்துச்சுண்ணே! பன்னிக்கறி. சில நகராட்சியில அதை விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. கோர்ட்டு, ஊர் பூராவுக்கும் ஒரே கோடு போடாதீங்க, ஒவ்வொரு பகுதியிலயும் யார் குடியிருக்காங்கன்னு பாத்து முடிவு பண்ணுங்கன்னுச்சு."

சோலையப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "யூதர் கோர்ட்டு, பன்னிக்கறித் தீர்ப்பு, அதை வச்சு பாயோட ஆட்டுக்கறிக்கு நியாயம் சொல்லச் சொல்றியா? வெளிய சொல்லிராதடா, ரெண்டு பக்கமும் அடி விழும்."

சிரித்தாலும் அது மனதில் ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை நோன்பு திறந்து மஹ்மூது வந்தபோது காலையிலேயே அவர் கட்டி வைத்த பெட்டி வாசலில் நின்றது. சோலையப்பன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாண்டி, நீ முதல்ல சொல்லு."

பாண்டித்துரை விட்ட இடத்திலிருந்தே பிடித்தான். "அண்ணே, வெளிய நாம எப்படி இருக்கோம்? நோன்பு மாசம், பகல்ல தெருவுல ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாது. சரி, அவங்க ஊரு, அவங்க முறை. நம்ம பெருமாளு எங்க இருக்காரு? என் பீரோவுக்குள்ள, பேன்ட் சட்டைக்கு நடுவுல. கதவத் திறந்து கும்பிட்டுட்டு மூடிர்றேன். இந்த ஊர்ல நாம பெரிய கூட்டமா இருக்கிற ஒரே இடம் இந்த ரூம். இங்கயும் ஒரு மாசம் நம்ம முறை கூடாதுன்னா, நாம எங்கண்ணே போறது?"

அன்பரசன் மெல்ல, "அந்த நாட்டுலயும் இதையேதான் சொல்றாங்க. உலகம் பூரா சின்னக் கூட்டம், இங்க மட்டும்தான் பெரிய கூட்டம்னு" என்றான்.

"எந்த நாடுடா?" என்றான் பாண்டித்துரை.

"அத விடு" என்றார் சோலையப்பன். "மாப்ளே, நீ சொல்லு."

மஹ்மூது நின்றபடியே பேசினார். "எனக்குக் கறிதான் பெருசுன்னு நினைக்கிறீங்களா? ஒரு வார்த்தை, பாய், இந்த மாசம் கறி வேண்டாமேன்னு கேட்டிருந்தா நானே விட்டிருப்பேன். எத்தனை மாசம் உங்களோட சாம்பார் குடிச்சிருக்கேன். கேக்கல. கையத் தூக்குனீங்க. எனக்கு எதிரா ஆறு கை. அதுக்கப்புறம் நான் விட்டா, அது நான் விட்டதா, நீங்க பிடுங்குனதா?"

சோலையப்பன் டீயைக் குடித்து முடித்தார். அடியில் தங்கிய சர்க்கரையையும் விரலால் வழித்தார். பிறகு தொடையைத் தட்டினார்.

"கலாஸ். இந்த ஓட்டு மஹ்மூது விஷயத்துல செல்லாது. கிச்சன் சைவம், அது பாண்டிக்கு. பால்கனியில ஒரு கரண்டு அடுப்பு, அது மஹ்மூதுக்கு. சட்டியும் தனி, கரண்டியும் தனி. பெருமாளு கிச்சன் வரைக்கும். பால்கனி வேற பகுதி."

"நீங்களே கை தூக்குனீங்களேண்ணே!" என்று துள்ளினான் பாண்டித்துரை.

"தூக்குனது பெருமாள் பக்தன். கலைச்சது ஜட்ஜ்."

"ஒரே பனியனுக்குள்ள ரெண்டு ஆளா? ஆறு பேர் சொன்னத ஒருத்தர் கலைக்கிறதுன்னா அப்புறம் ஓட்டு எதுக்கு? நாங்க உக்கார வச்சுத்தான நீங்க வாளியில உக்காந்தீங்க? அந்த அதிகாரத்த எடுக்க ஓட்டுப் போடுறேன். அதிகாரம் வேணாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க!"

பாண்டித்துரையின் கை எழுந்தது. பெயின்டர்கள் ரெங்கராஜும் முனியசாமியும் மச்சினன்மார்கள், எதிலும் சேர்ந்துதான் கை தூக்குவார்கள், தூக்கினார்கள். மூன்று. வேண்டும் என்பதற்கு மஹ்மூது, அன்பரசன், பிறகு குக்கர் வெயிட் வைரவன். அதுவும் மூன்று. வைரவன் கை தூக்கிய வேகத்தில் மேலே காய்ந்த லுங்கி ஒன்று அறுந்து விழுந்தது.

மூன்றுக்கு மூன்று. இப்போது எல்லோரும் சோலையப்பனைப் பார்த்தார்கள். சமமானால் ஜட்ஜ் சொன்னதுதான் முடிவு. ஜட்ஜ் இருக்கலாமா கூடாதா என்று ஜட்ஜேதான் சொல்ல வேண்டும்.

முதலில் முனியசாமிக்குத்தான் சிரிப்பு வந்தது. "சொல்லுங்கண்ணே, உங்கள வச்சிருக்கட்டுமா, தூக்கட்டுமா?"

சோலையப்பன் பாண்டித்துரையைப் பார்த்தார். அவன் முகத்தில் கோபம் இருந்தது, கூடவே ஒரு பயமும். இவர் இருப்பேன் என்றால் நாளைக்கு ஏசி கேஸில்கூட எவனும் இவர் பேச்சை மதிக்க மாட்டான். தன் நாற்காலிக்குத் தானே தீர்ப்புச் சொன்ன ஆள் என்பார்கள். போகிறேன் என்றால், வாசலில் அந்தப் பெட்டி நிற்கிறது.

"ஒண்ணு கேக்குறேன் பாண்டி. உனக்குப் பால்கனி அடுப்பு பிடிக்கலையா, நான் சொன்னது பிடிக்கலையா?"

பாண்டித்துரை தரையைப் பார்த்தான். "அடுப்பு இருந்துட்டுப் போகுது. பாய் போகணும்னு நானா சொன்னேன்? ஆறு பேர் பேச்சை ஒருத்தர் தூக்கிப் போட்டா அசிங்கமா இருக்குல்லண்ணே."

"அப்ப கேட்டுக்க. என் ஓட்டு உன் பக்கம். இன்னைக்கோட ஜட்ஜ் கிடையாது. ஆனா இறங்குறதுக்கு முன்னால சொன்ன தீர்ப்பு நிக்கும். அத மாத்தணும்னா நீயே பாய்கிட்ட மூஞ்சிக்கு மூஞ்சி கேட்டு மாத்திக்க, கையத் தூக்கி மாத்தாத. சரியா?"

வெற்றி பாண்டித்துரை கைக்கு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. "சரி" என்றான்.

மஹ்மூது பெட்டியை உள்ளே இழுத்தார். "ஒரு கைதான் எனக்குன்னு நினைச்சேன். மூணு விழுந்துச்சு. இந்த மாதிரி ரூம் வேற எங்க கிடைக்கும்?"

"அப்ப கறி போடாமக் காய்ச்சுவீங்களா பாய்? நானும் ஒரு வாய் குடிப்பேன்ல?" என்றான் வைரவன் ஆசையாக.

"இந்த வருஷம் முடியாது. இப்ப விட்டா தோத்த மாதிரி ஆயிரும். அடுத்த வருஷம் ஓட்டுக்கு முன்னால வந்து கேளுங்க."

கட்டிலுக்கடியில் கிடந்த கரண்டு அடுப்பைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனது பாண்டித்துரைதான். மூக்கைச் சுருக்கிக்கொண்டே போனான். இரண்டு நிமிஷத்தில் சத்தம் கேட்டது. "இந்த மூலையில வச்சா வாடை கிச்சன் ஜன்னலுக்குத்தான் வரும், அந்தப் பக்கம் தள்ளுங்க பாய்." "அந்தப் பக்கம் உன் ஜட்டி காயுது, கறி வாசம் பிடிச்சா என்னைச் சொல்லாத." வாக்குவாதம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு தலைகளும் பால்கனிக் கதவில் ஒன்றாக எட்டிப் பார்த்தன.

"அண்ணே!"

"மாப்ளே!"

சோலையப்பனுக்கு உதடு வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஜட்டியை உள்ளே எடு, ஒரே வரித் தீர்ப்பு. கை தொடைக்குக்கூடப் போய்விட்டது. அதை அப்படியே திருப்பி, மறுநாள் டூட்டிச் சட்டையை எடுத்து, இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார். சூடாகட்டும் என்று காத்திருந்தார். பால்கனியில் அவர்கள் இருவரும் ஓட்டுப் போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று.